மாத்திரைக் கணக்கு: காலண்டரில் எண் போடும் முறை



கர்ப்பம் நாலாம் மாதம் தொடங்கியதும் கிராம சுகாதாரச் செவிலியர் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார். தினம் ஒன்று வீதம் 180 நாள். பிரசவமான பின்னும் 180 நாள். 1970-இல் நம் நாட்டில் இத்திட்டம் தொடங்கியபோது 100 மாத்திரைதான் கணக்கு. "சாப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்று தாய்மார்கள் சொல்வார்கள். எத்தனை ஆச்சும்மா என்று கேட்டால் பதில் வராது. ரத்தசோகையோடு பிரசவத்துக்குப் போகிறவர், கொஞ்சம் ரத்தம் அதிகமாகப் போனாலும் தாங்க மாட்டார். ஆகவே இந்தக் கணக்கு வேண்டும்.

சிலர் காலண்டரில் கோடு போடுகிறார்கள். ஆனால் ஆறு மாதக் கோட்டையும் பிறகு யார் எண்ணுவது? கோட்டுக்குப் பதில் கூட்டுத்தொகையையே எழுதுங்கள். முதல் நாள் 1, மறுநாள் 2, அடுத்து 3. மறந்த நாளில் புது எண் கிடையாது. நேற்றைய எண்ணையே திரும்பப் போட்டு வட்டமிடுங்கள். கடைசித் தேதியில் உள்ள எண்தான் இதுவரை சாப்பிட்ட மொத்தம்.

ஜூன் 10-இல் ஆரம்பித்தார் என்று வைத்துக்கொள்வோம். ஜூன் 30-ஆம் தேதியோடு 21 நாள். அன்றைய கட்டத்தில் 18 இருந்தால் மூன்று நாள் விட்டுப்போயிற்று என்று அர்த்தம். ஜூலை 1-இல் மறுபடி 1 என்று தொடங்கிவிடாதீர்கள், பலரும் சறுக்குகிற இடம் இது. 19 என்றுதான் தொடர வேண்டும். ஒரு நாளும் விடாதிருந்தால் டிசம்பர் 6-இல் 180 வரும். மூன்று நாள் விட்டவருக்கு டிசம்பர் 9. விட்டதை ஈடுகட்ட ஒரே நாளில் இரண்டாக விழுங்க வேண்டாம். முடிகிற தேதிதான் தள்ளிப்போகும்.

ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்து, டாக்டர் தினம் இரண்டு சாப்பிடச் சொல்லியிருந்தால் அன்றன்று சாப்பிட்டதைக் கூட்டுங்கள். நேற்று 40, இன்று இரண்டும் சாப்பிட்டால் 42, ஒன்றுதான் என்றால் 41.

கணக்கு சரியா என்று பார்க்கவும் வழியிருக்கிறது. காலண்டர் எண்ணோடு டப்பாவில் மீதியிருப்பதைக் கூட்டினால், வாங்கிய மொத்தம் வர வேண்டும். 60 வாங்கி, எண் 47 என்றால் மீதி 13. டப்பாவில் 16 இருந்தால்? சாப்பிடாமலே எண் போட்டிருக்கிறது!

எண் போடும் வேலையைக் கணவர் ஏற்றுக்கொள்வது நல்லது. ராத்திரி சோறு ஆனதும் "மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டுப் பேனாவை எடுக்கலாம். அவர் மறந்தால் "ஏங்க, இன்னிக்கு எண் எழுதலையே" என்று நீங்கள் கேளுங்கள். தினசரிக் காலண்டர் இதற்கு உதவாது, தாளைக் கிழித்தால் கணக்கும் போய்விடும். மாதக் காலண்டர்தான் சரி.

மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம், அது மாத்திரையில் உள்ள இரும்பால் வருவது. குமட்டல் வந்தால் சாப்பாட்டுக்குப் பின் போடுங்கள். டீ, காப்பியோடு வேண்டாம். ஒரு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும். சுண்ணாம்புச் சத்து மாத்திரைக்கு இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். அதற்கும் எண் போடுவதானால் வேறு நிற மையில் எழுதுங்கள்.

பிரசவமானதும் 1-இலிருந்து புதுக் கணக்கு. பரிசோதனைக்குப் போகும்போது அந்தக் காலண்டர் தாள்களையும் மீதி மாத்திரையையும் செவிலியரிடம் காட்டுங்கள்.