திருமலை தரிசனச் சீட்டும் மேகக் கணிமையும்

திருமலைக்குச் செல்லும் யாத்திரிகர்கள் வைகுண்டம் வரிசை வளாகத்தின் கம்பார்ட்மெண்டுகளில் அமர வைக்கப்பட்டு, பின்னர் ஒவ்வொன்றாகத் திறந்து விடப்படுவதைப் பலரும் கண்டிருப்பர். கூட்டம் பெருகும்போது கூடுதல் கம்பார்ட்மெண்டுகள் நிரம்புமேயன்றிச் சந்நிதியின் வாயில் அகலமாவதில்லை. முந்நூறு ரூபாய்ச் சிறப்பு நுழைவுச் சீட்டுகளை இணைய வழியில் வழங்குவதிலும் இதே நிலைதான் வேறு உருவில் தோன்றுகின்றது. அண்மை ஆண்டுகளில் இச்சீட்டுகள் சில மாதங்களுக்கு முன்னரே, அறிவிக்கப்பட்ட நாளில், காலை பத்து மணி போன்ற குறித்த நேரத்தில் வெளியிடப்பட்டு வருகின்றன. ஏனைய நாட்களில் மிதமாகப் பணியாற்றும் கணிப்பொறிகள் அந்தச் சில நிமிடங்களில் திணறும் அளவுக்குக் கோரிக்கைகள் குவிகின்றன. மின்சாரத் துறையினருக்கு நன்கு பழக்கமான உச்சத் தேவைச் சிக்கலே இது. உச்சத்திற்கு ஏற்பப் பொறிகளை வாங்கினால் அவை ஆண்டு முழுவதும் பெரும்பாலும் வாளாவிருக்கும். சராசரிக்கு ஏற்ப வாங்கினால் தேவையான நாளில் போதா.

கொள்கலன் முறை

இதற்கு இன்று கூறப்படும் விடை, மேகக் கணிமையில் கொள்கலன்களைக் கொண்டு சேவை நடத்துவதாகும். 1956-ஆம் ஆண்டு ஏப்ரலில் ‘ஐடியல் எக்ஸ்’ என்னும் கப்பல் 58 சரக்குப் பெட்டகங்களுடன் அமெரிக்காவின் நெவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குச் சென்றது. பெட்டிக்குள் என்ன சரக்கு உள்ளதென்று பாரந்தூக்கிக்குத் தெரிய வேண்டுவதில்லை; பெட்டியின் அளவு ஒன்றாயிருந்தால் போதும். மென்பொருளிலும் அவ்வாறே. ஒரு செயலியும் அதற்கு வேண்டிய துணை நிரல்களும் ‘படிமம்’ என்னும் ஒரே கட்டாகக் கட்டப்படுகின்றன. அப்படிமத்தை எந்தக் கணிப்பொறியிலும் சில நொடிகளில் இயக்கலாம். ஒன்றை நூறாகப் பெருக்கலாம். 2013-இல் வெளிவந்த ‘டாக்கர்’ இம்முறையைப் பரவலாக்கியது. நூற்றுக்கணக்கான கொள்கலன்களை மேற்பார்வையிடும் ‘குபர்னெட்டிஸ்’ என்னும் மென்பொருளை 2014-இல் கூகுள் நிறுவனம் வெளியிட்டது. கிரேக்க மொழியில் இச்சொல்லுக்குச் சுக்கானி என்று பொருள். எத்தனை கொள்கலன்கள் இயங்க வேண்டும் என்று நிர்வாகி எழுதிக் கொடுத்தால், ஒன்று பழுதுறும்போது அதனிடத்தில் வேறொன்றை இச்சுக்கானி தானே நிறுத்திவிடும்.

கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் கற்பனையே. ஐந்து லட்சம் பேர் முதல் ஐந்து நிமிடங்களில் வருவதாகவும், ஒவ்வொருவரும் பத்துக் கோரிக்கைகளை அனுப்புவதாகவும் கொள்வோம். ஐம்பது லட்சம் கோரிக்கைகளை 300 நொடிகளால் வகுத்தால் நொடிக்கு ஏறத்தாழ 16,667 வரும். ஒரு கொள்கலன் நொடிக்கு 200 கோரிக்கைகளைக் கவனிக்குமாயின் 84 கொள்கலன்கள் தேவை. மேகத்தில் இவற்றை ஒரு மணி நேரத்திற்கு வாடகைக்குப் பெற்றுத் திருப்பிவிடலாம் என்பதே இம்முறையின் சிக்கனம்.

நிர்வாகத்தில் கவனிக்க வேண்டியவை

ஆயினும் சுமையைக் கண்டபின் தானே பெருகும் ஏற்பாட்டை மட்டும் நம்பியிருத்தல் கூடாது. கொள்கலன் சில நொடிகளில் எழும். அதனைத் தாங்கும் புதிய கணிப்பொறி ஆயத்தமாகச் சில நிமிடங்கள் பிடிக்கும். அதற்குள் பத்து மணிக் கூட்டம் வந்து போய்விடும். நேரம் முன்கூட்டியே தெரியுமாதலால் ஒன்பதரைக்கே கொள்கலன்களை நிறுத்தி வைப்பது நன்று. இதனினும் முக்கியமானது தரவுத்தளம். விற்பனைச் சாளரங்களை 84 ஆக்கலாம். ஆனால் எஞ்சிய சீட்டு எத்தனை என்னும் கணக்கேடு ஒன்றாகவே இருத்தல் வேண்டும். ஒரே சீட்டு இருவருக்குப் போய்விடாதபடி அதைப் பூட்டி வைத்து, பணம் செலுத்தக் கெடு விதித்து, கெடு தவறினால் மீண்டும் விற்பனைக்கு விட வேண்டும். கொள்கலன்களைப் பெருக்கியும் தளம் முடங்குவது பல வேளைகளில் இந்த ஏட்டின் வாயிலில்தான். அங்கே வேண்டுவது இணையவழி வரிசை. அதாவது வைகுண்டம் வளாகத்தின் கம்பார்ட்மெண்டு முறையே.

அரசுத் துறைகளைப் பொறுத்தவரை, மத்திய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் தகுதியான மேகச் சேவையாளர்களைப் பட்டியலிட்டுள்ளது. தேசியத் தகவலியல் மையமும் 2014 முதல் தேசிய மேகத்தை நடத்தி வருகின்றது. எனினும் பயன்பாட்டிற்கேற்ப மாதந்தோறும் மாறும் கட்டணம் நம் நிதிப் பிரிவினருக்கு உவப்பானதன்று. ஆண்டுக்கு ஒரே தொகையையே கோப்புகள் விரும்பும். கொள்கலன் ஒவ்வொன்றின் நினைவகத்திற்கும் மொத்த எண்ணிக்கைக்கும் உச்சவரம்பு விதித்தல், பணி முடிந்ததும் குறைத்தல் ஆகிய இரண்டும் செய்யப்படாவிடில் சிக்கனம் ஏட்டளவில் நின்றுவிடும்.

உச்சத்தையே தவிர்த்தல்

இவ்வளவும் செய்த பின்னரும் ஒரு கேள்வி எஞ்சுகின்றது. 84 கொள்கலன்கள் ஒரு சீட்டையேனும் கூடுதலாக உண்டாக்குவதில்லை. முந்தியவருக்கே சீட்டு என்ற விதி இருக்கும்வரை, விரைவான இணைப்பும் பழகிய விரலும் உடையவர் முந்துவர். திருப்பதி 2022 ஏப்ரல் 4 முதல் தனி மாவட்டமாகிவிட்டது. சித்தூர் மாவட்டத்துக் குப்பத்திலோ பலமனேரிலோ உள்ள ஓர் உழவர் இந்தப் பந்தயத்தில் எளிதில் வெல்லார். கட்டணமில்லா டோக்கனுக்கு அவர் நேரில் வந்து நிற்க வேண்டும். அவ்வாறு நிற்பதன் அபாயத்தை 2025 ஜனவரி 8 காட்டியது. வைகுண்ட ஏகாதசி டோக்கன் பெறத் திருப்பதியில் திரண்ட கூட்டத்தின் நெரிசலில் ஆறு பேர் உயிரிழந்தனர்.

ஆர்ஜித சேவைகள் சிலவற்றிற்குத் தேவஸ்தானம் மின்னணுக் குலுக்கல் முறையைக் கையாண்டு வருகின்றது. பதிவுக்குக் கெடு உண்டு. முந்திப் பதிவதால் பயன் இல்லை. முன் சொன்ன ஐம்பது லட்சம் கோரிக்கைகள் 48 மணி நேரத்தில் பரவினால் நொடிக்கு 29 மட்டுமே. மாலை வேளையில் இது பத்து மடங்கானாலும் இரண்டு கொள்கலன்கள் போதும். விதியை மாற்றியதால் 82 கொள்கலன்கள் தேவையற்றுப் போயின. பொறியியலார் எவரும் இதைத் தம் சாதனையாகக் கூறிக்கொள்ள இயலாது. 2025 டிசம்பர் 30 அன்று தொடங்கிய வைகுண்ட துவார தரிசனத்தின் முதல் மூன்று நாட்களுக்கும் இணைய வழிக் குலுக்கலே கையாளப்பட்டது.

குலுக்கலிலும் ஓர் உச்சம் உண்டு. முடிவு வெளியாகும் நேரத்தில் அனைவரும் ஒருங்கே தளத்தைத் திறப்பர். முடிவுகளைக் கைப்பேசிக் குறுஞ்செய்தியாகத் தொகுதி தொகுதியாக அனுப்பிவிட்டு, தளத்தில் அதன் பின்னரே வெளியிட்டால் அந்த உச்சமும் தணியும்.