கழிக்கும் முன் சேர்த்துப் பார்!

எட்டாம் வகுப்புத் தம்பி தங்கைகளே!

இந்த வருஷம் நீங்கள் என்.எம்.எம்.எஸ். தேர்வு எழுதப் போறீங்க. தேர்வானால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை மாதம் 1000 ரூபாய் கிடைக்கும். நாலு வருஷத்துக்குக் கணக்குப் போட்டால் 48,000 ரூபாய்! எட்டாம் வகுப்பில் மட்டும்தான் இதை எழுத முடியும். போன வருஷம் நான் எழுதினேன். பட்டியலில் என் பெயர் வரவில்லை. மனத்திறன் தேர்வில் 90 கேள்வி, 90 நிமிஷம். "பொருந்தாததைக் கண்டுபிடி" என்று வந்ததை எல்லாம் 'இது ரொம்ப ஈஸி' என்று படபடவென்று குறித்துவிட்டு வந்தேன். அங்கேதான் கோட்டை விட்டேன். நான் செய்த தப்பை நீங்கள் செய்யக் கூடாது என்பதற்காகவே இந்தப் பாடம்.

முதலில் ஒரு கேள்வி. பொருந்தாதது எது?

தேங்காய், கொப்பரை, இளநீர், செக்கு

'செக்கு' என்றுதானே சொன்னீங்க? மற்ற மூன்றும் தென்னையில் கிடைப்பவை, செக்கு மட்டும் கருவி. சரியான விடைதான். இதையே எங்க அம்முச்சியிடம் விளையாட்டாகக் கேட்டேன். அவங்க பள்ளிக்கூடமே போகாதவங்க. தேங்காய்க் களத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவங்க. கொஞ்சங்கூட யோசிக்காமல், "எளநிதான் சாமி" என்றாங்க.

"தப்புங்க அம்முச்சி" என்று சிரித்தேன்.

"என்ன கண்ணு தப்பு? எளநியா வெட்டிப்போட்டா பொறகு தேங்கா ஏது, கொப்பரை ஏது? கொப்பரை இல்லாம செக்குக்கு என்ன வேலை? அது மூணும் ஒரே தடத்துல போகுது. எளநி பாதியிலயே வேற தடத்துல போயிருதல்ல?"

என் சிரிப்பு நின்னு போச்சு. நான் பார்த்தது 'என்ன வகை' என்று. அம்முச்சி பார்த்தது 'என்ன வேலை' என்று. இரண்டுமே உண்மையான தொடர்புதான்!

மறுநாள் எங்க சாரிடம் சொன்னேன். அவர் ஒரு சங்கதி சொன்னார். 1931, 1932 ஆண்டுகளில் அலெக்சாண்டர் லூரியா என்ற ரஷ்ய உளவியல் அறிஞர் உஸ்பெகிஸ்தான் கிராமங்களுக்குப் போனார். பள்ளிக்குப் போகாத விவசாயிகளிடம் சுத்தியல், ரம்பம், மரக்கட்டை, கோடரி நான்கையும் காட்டி, எது சேராது என்று கேட்டார். 'மரக்கட்டை' என்ற விடையை எதிர்பார்த்தார். அவர்களோ நாலும் வேணும் என்றார்கள். கட்டை இல்லாமல் ரம்பத்தையும் கோடரியையும் வைத்து என்ன செய்வது? ஓரிரு வருஷம் பள்ளிக்குப் போனவர்கள் மட்டும் 'கருவி' என்று வகை பிரித்தார்கள். அதாவது, வகை பிரிப்பது பள்ளிக்கூடம் கற்றுத் தருகிற ஒரு பழக்கம். அந்தப் பழக்கம் இல்லாதவர்களை அறிவில்லாதவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது.

சரி, தேர்வுத்தாளில் அம்முச்சி மாதிரி விளக்கம் எழுத இடமில்லை. வட்டத்தைக் கறுப்பாக்க மட்டும்தான் முடியும். ஆகவே, கேள்வி போட்டவர் மனசில் இருந்த கயிறு எது என்று நாம் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு நான்கு வழிகள்:

1. கழிக்காதே, சேர்!
எது வேறு என்று தேடாதீங்க. எந்த மூன்று ஒன்று என்று தேடுங்க. கயிறு கிடைத்துவிட்டால் நான்காவது தானாகவே வெளியே நிற்கும்.

2. கயிற்றை இறுக்கு!
ஆழியாறு, திருமூர்த்தி, சோலையாறு, அமராவதி. 'இவை எல்லாம் அணைகள்' என்றால் நாலும் உள்ளே வருது. கயிறு தளர்வு! 'நம்ம உடுமலைப் பக்கத்து அணைகள்' என்றால் திருமூர்த்தியும் அமராவதியும் ஒரு பக்கம், மற்ற இரண்டும் ஒரு பக்கம். இரண்டுக்கு இரண்டு வந்தால் அது விடை ஆகாது. 'பரம்பிக்குளம் - ஆழியாறு திட்டத்து அணைகள்' என்று இறுக்கிப் பாருங்க. மூன்று உள்ளே, அமராவதி வெளியே!

3. சொல்லுக்கு இன்னொரு முகம் உண்டா?
செவ்வாய், புதன், வியாழன், திங்கள். நாலும் கிழமை. ஆனால் முதல் மூன்றும் கோள்கள், திங்கள் நிலா. அதனால் திங்கள்தான் பொருந்தாதது. நம் முன்னோர் இதை நன்றாகவே அறிந்திருந்தார்கள். திவாகர நிகண்டில் மொத்தம் 12 தொகுதிகள். ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைச் சொல்ல 11ஆம் தொகுதி. பல பொருள்கள் சேர்ந்து பெறும் ஒரு பெயரைச் சொல்ல 12ஆம் தொகுதி. நாம் போடும் இந்தப் புதிர்களுக்குப் பாட்டன் அதுதான்!

4. காலத்தைப் பார்!
காங்கயம், தாராபுரம், உடுமலைப்பேட்டை, பொள்ளாச்சி. இன்றைக்குப் பொள்ளாச்சிதான் விடை. அது கோவை மாவட்டம், மற்ற மூன்றும் திருப்பூர் மாவட்டம். ஆனால் திருப்பூர் மாவட்டம் 2009இல்தான் உருவானது. அதற்கு முன்னால் காங்கயமும் தாராபுரமும் ஈரோடு மாவட்டம், உடுமலையும் பொள்ளாச்சியும் கோவை மாவட்டம். இரண்டுக்கு இரண்டு! பழைய புத்தகத்தை வைத்துப் படிப்பவர்கள் கவனம்.

இப்படிப் பார்த்த பிறகும் இரண்டு விடை சரியாகத் தோன்றினால், வகையைப் பிடித்துக்கொள்ளுங்க. தேர்வில் பெரும்பாலும் கேட்பது அதைத்தான்.

என்ன, தயாரா? பென்சிலை எடுங்க!

அ) பொருந்தாதது எது? சுக்கு, மிளகு, ஏலக்காய், திப்பிலி
ஆ) பொருந்தாதது எது? மரங்கள், ஆடுகள், திங்கள், பூக்கள்
இ) இள, வெந், கண், பன் - நான்கோடும் சேரும் ஒரே சொல் எது?
ஈ) உடுமலை, பட்டுக்கோட்டை - திரைப்பாடல் உலகில் இந்த இரண்டு ஊர்களையும் இணைப்பது எது?
உ) பொருந்தாதது எது? பால், தயிர், வெண்ணெய், மத்து

விடைகள் (முதலில் நீங்களே போட்டுப் பாருங்க!):
அ) ஏலக்காய். மற்ற மூன்றும் சேர்ந்தது திரிகடுகம்.
ஆ) திங்கள். 'கள்' என்று முடிந்தாலும் இது ஒருமை. மேலே பார்த்த அதே சொல்தான், இங்கே கயிறு வேறு!
இ) நீர். இளநீர், வெந்நீர், கண்ணீர், பன்னீர்.
ஈ) ஊர்ப் பெயரோடு புகழ்பெற்ற பாடலாசிரியர்கள். உடுமலை நாராயணகவி, பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம்.

'உ'வுக்கு விடை இங்கே இல்லை. தேர்வுக்கு என்ன எழுதணும் என்று உங்களுக்கே தெரியும். அதைக் குறித்துவிட்டு, இன்று சாயங்காலம் வீட்டில் அம்முச்சியிடமோ அப்பாரிடமோ அதே கேள்வியைக் கேளுங்க. அவங்க வேறு விடை சொன்னால் சிரிக்காதீங்க. "ஏனுங்க அப்படி?" என்று மட்டும் கேளுங்க. அவங்க சொல்வதை ஒரு தாளில் எழுதி வாங்க. இந்த இதழுக்குப் பக்கத்திலேயே ஒட்டிவிடுவோம்.

தேர்வில் வெற்றி பெற வாழ்த்துக்கள்!

- ஒன்பதாம் வகுப்பு அண்ணன்