சிவப்புத் துணி வேண்டாம்

அன்புள்ள தம்பிக்கு,

நாடகப் பிரதி வந்தது. இரண்டு முறை படித்தேன். தருமபுரி பஸ் எரிப்பு நடந்தபோது நீ பிறக்கவே இல்லை. அதை மேடையேற்ற வேண்டும் என்று உனக்குத் தோன்றியதே எனக்குப் பெரிய ஆறுதல். ஆனாலும் முதல் காட்சியிலேயே சண்டைக்கு வருகிறேன்.

பறை அதிர்கிறது, முகத்தில் மை பூசிய இருபது பேர் ஓடி வருகிறார்கள், சிவப்புத் துணி விரிகிறது, இருள். எந்தக் கலவரத்தை நாடகமாக்கினாலும் நம்மவர்கள் இந்தத் துணியைத்தான் விரிக்கிறார்கள். (பறை என்ன பாவம் செய்தது, கொலைக்கெல்லாம் அதை அடிக்க?)

2000 பிப்ரவரி 2. கொடைக்கானல் பிளசன்ட் ஸ்டே ஓட்டல் வழக்கில் ஜெயலலிதாவுக்கு ஓராண்டுச் சிறை என்று தீர்ப்பு. அன்று நான் சேலத்தில் ஒரு மளிகைக் கடையில் நின்றிருந்தேன். செய்தி வந்த சற்று நேரத்தில் தெரு நெடுக ஷட்டர்கள் இறங்கின. யாரும் கத்தவில்லை, ஓடவில்லை. கடைக்காரர் தராசில் பாதி நிறுத்த துவரம்பருப்பை மறுபடி மூட்டையில் கொட்டிவிட்டு, "நாளைக்கு வாங்க சார்" என்றார். அவ்வளவுதான். தீர்ப்பு வந்தால் அடுத்து என்ன வரும் என்று அவருக்கு மனப்பாடம். உன் நாடகத்தை அந்தத் தராசிலிருந்து தொடங்கு.

அதே நாளில் கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவர்கள் கல்விச் சுற்றுலா வந்திருந்தார்கள். இரண்டு பஸ். தருமபுரியை ஒட்டிய இலக்கியம்பட்டியில் தீர்ப்பை எதிர்த்து அ.தி.மு.க.வினர் மறியல். மாணவிகள் இருந்த பஸ்ஸுக்குள் பெட்ரோலை ஊற்றிக் கொளுத்தினார்கள். மூன்று பெண்கள் வெளியே வர முடியாமல் உயிரோடு எரிந்துபோனார்கள். அந்தத் தீர்ப்புக்கும் அவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அந்த ஓராண்டுத் தண்டனைகூட 2001இல் உயர் நீதிமன்றத்தில் ரத்தாகிவிட்டது.

உன் பிரதியில் கதைசொல்லி "பேருந்து எரிந்தது" என்கிறான். பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை படித்திருப்பாய். எரிந்தது வேறு, எரித்தார்கள் வேறு. நடுவில் இருப்பது ஒரே ஒரு மெய்யெழுத்து. அந்த எழுத்துக்குள்தான் எரித்த மூன்று பேர் ஒளிந்துகொள்கிறார்கள். 'சம்பவம்' என்ற சொல்லையும் வெட்டு. மழை பெய்வதும் சம்பவம்தான்.

'கும்பல் வெறி' என்பதும் அப்படி ஒளிய இடம் கொடுக்கும் சொல்தான். சேலம் நீதிமன்றம் 2007இல் அந்த மூவருக்குத் தூக்கு விதித்தது; உயர் நீதிமன்றமும், 2010இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தன. 2016இல் அதே உச்ச நீதிமன்றம் ஆயுளாகக் குறைத்தது: கூட்டத்தோடு சேர்ந்த ஆவேசத்தில் நிதானம் இழந்தார்கள், குறிப்பிட்ட யாரையும் கொல்லும் எண்ணத்தோடு வரவில்லை என்ற கோணத்தில். 2018 நவம்பரில், எம்.ஜி.ஆர். நூற்றாண்டை ஒட்டி, மூவரும் வெளியே வந்தார்கள். தூக்கு வேண்டாம் என்பவன் நான். குறைத்ததில் எனக்கு வருத்தமில்லை. சொன்ன காரணம்தான் இன்னும் உறுத்துகிறது.

ஏன் என்று ஒத்திகையில் நீயே செய்து பார். ஒரு பிளாஸ்டிக் கேனில் தண்ணீர் நிரப்பு. மூடியைத் திருகித் திற. நான்கு பெஞ்சைப் போட்டு, அதில் பெண்களை உட்காரவைத்து, நடுவே ஊற்று. குடக் குடக்கென்று விழும். அவசரப்பட்டாலும் அது தன் வேகத்தில்தான் காலியாகும். பிறகு சட்டைப்பையில் தீப்பெட்டியைத் தேடு. அப்போது எட்டணாவுக்குக் கிடைத்த தீப்பெட்டி. முதல் குச்சி காற்றில் அணையட்டும், இரண்டாவதைக் கிழி. இவ்வளவு நேரமும் எதிரே இருக்கிற பெண்கள் உன்னையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். எங்கே வேண்டுமானாலும் நிறுத்தியிருக்கலாம். வசனம் எதுவும் வைக்காதே. பார்ப்பவர்கள் நெளியட்டும்.

இறந்த பெண்களின் பெயரை மேடையில் கூப்பிடாதே. அவர்கள் அழுவதாக நீ எழுதிய பாட்டையும் எடுத்துவிடு. நன்றாக இருக்கிறது, அதனால்தான் சொல்கிறேன். அவர்களை மதியச் சாப்பாட்டில் காட்டு. ரசம் காரம் என்று ஒருத்தி குறைப்படட்டும். ஊருக்குப் போய் எழுதவேண்டிய ரெக்கார்டு நோட்டைப் பற்றி இன்னொருத்தி புலம்பட்டும்.

மற்றொரு பஸ்ஸிலிருந்து மாணவர்கள் ஓடிவந்து, ஜன்னலை உடைத்துத் தோழிகளை இழுத்துப் போட்டார்கள். உன் பிரதியில் அவர்கள் எங்கே? அந்தக் காட்சி இல்லாமல் நான் பிரதியை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஞாயிறு ஒத்திகைக்கு வருகிறேன். கேனை மறக்காமல் எடுத்து வா. தீப்பெட்டி என்னிடம் இருக்கிறது.

அன்புடன்,
அண்ணன்