மாத்திரையை நிறுத்தச் சொல்லும் போர்வை

எடைப் போர்வை போர்த்திப் படுத்தால் படபடப்பு மாத்திரையை நிறுத்திவிடலாம் என்ற பேச்சை யார் கிளப்பினார்களோ தெரியாது, கொச்சியின் மட்டாஞ்சேரியில் அது செர்லாய் வீடுகளிலிருந்து பஜார் ரோட்டுக் கிடங்குகள்வரை போய்ச் சேர்ந்துவிட்டது. "மேடம், போர்வை வந்திடுச்சு, இனி மாத்திரையை விட்டுடலாமில்ல?" என்று கேட்கிறார்கள். சிலர் கேட்பதுகூட இல்லை, விட்டுவிட்டு வந்து சொல்கிறார்கள். ஆக்குபேஷனல் தெரபி என் தொழில். கண்ணாடி மணிகளைத் தைத்து நிரப்பிய இந்த 5, 6, 7 கிலோ போர்வைகள் எங்கள் சிகிச்சை அறைகளிலிருந்துதான் கடைக்குப் போயின. ஆகவே இதை மறுக்கும் கடமையும் எங்களுக்குத்தான் முதலில் உண்டு.

விடக் கூடாது. போர்வையை நம்பி ஒரு மாத்திரையைக்கூட விடக் கூடாது.

வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியில் இரண்டு எண்கள் தவறாமல் இருக்கும். எடைப் போர்வை செரோடோனினை 28 சதவீதம் கூட்டுமாம், கார்டிசோலை 31 சதவீதம் குறைக்குமாம். மாத்திரை செய்வதும் இதைத்தானே, பிறகு மாத்திரை எதற்கு என்று செய்தி முடியும். எண் இருந்தால் நம்பிவிடுகிறோம். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. நான் தேடிப் பார்த்தேன். 2005இல் டிஃபனி ஃபீல்டும் சகாக்களும் எழுதிய ஒரு தொகுப்புக் கட்டுரையிலிருந்து வந்தவை அவை. அது உடம்பு பிடித்துவிடும் மசாஜைப் பற்றிய கட்டுரை. அதில் போர்வையே கிடையாது! அதிலும் செரோடோனினை அளந்தது சிறுநீரில். நம் உடம்பின் செரோடோனினில் பெரும்பங்கு குடலில் சுரப்பது, ரத்தத்திலிருந்து அது மூளைக்குள் போகாது. சிறுநீரில் கூடியதை வைத்து மனம் அமைதியானது என்று சொல்ல வழியே இல்லை. கார்டிசோல் கணக்கும் நிற்கவில்லை. மசாஜ் ஆய்வுகளை 2011இல் மறுபடி கூட்டிப் பார்த்த மோயரின் குழு, கார்டிசோலில் வரும் மாற்றம் மிக அற்பமானது என்று எழுதியது.

போர்வையை வைத்தே கார்டிசோலை அளந்து பார்த்தவர்களும் உண்டு. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் 26 இளைஞர்களை ஒரு நாள் அவரவர் உடல் எடையில் 12 சதவீதம் கனமுள்ள போர்வையிலும், இன்னொரு நாள் லேசான போர்வையிலும் படுக்கவைத்தார்கள். 2022இல் முடிவு வெளியானது. உறக்கத்துக்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் மெலடோனின் சற்றுக் கூடுதலாக ஏறியது. கார்டிசோலில் வித்தியாசம் இல்லை. தூங்கிய நேரத்திலும் வித்தியாசம் இல்லை. வாட்ஸ்அப் செய்தியை அனுப்புகிறவர்கள் இந்த ஆய்வையும் சேர்த்து அனுப்பட்டும்.

மாத்திரை விஷயத்துக்கு வருவோம். குளோனசெபாம், அல்பிரசோலாம் வகை மாத்திரைகளைப் பல மாதம் சாப்பிட்டவர் ஒரே நாளில் நிறுத்தினால் தூக்கம் அடியோடு போகும், கை நடுங்கும், பழைய படபடப்பு இரட்டிப்பாகத் திரும்பும். சிலருக்கு வலிப்பே வரும். உயிருக்கு ஆபத்தான வலிப்பு. செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் போன்றவற்றைச் சட்டென விட்டால் தலைசுற்றல், குமட்டல், தலைக்குள் மின்சாரம் பாய்ந்ததுபோன்ற அதிர்வு, காரணமில்லாத அழுகை எல்லாம் வரலாம். இவற்றைக் கண்டு நோய் முற்றிவிட்டது என்று பயந்து இன்னும் கனமான போர்வை வாங்குகிறார்கள். மாத்திரையைக் குறைக்க வேண்டும் என்ற ஆசை நியாயமான ஆசைதான். எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் போய்க் கேளுங்கள். வாரக் கணக்கில், மாதக் கணக்கில், படிப்படியாக அவர் குறைத்துத் தருவார்.

அப்படியானால் போர்வையால் பயனே இல்லையா? உண்டு, அளவோடு உண்டு. 2020இல் ஸ்வீடனில் மனச்சோர்வு, இருமுனைக் கோளாறு, பதற்ற நோய், கவனக்குறைவுக் கோளாறு ஆகியவற்றோடு தூக்கமின்மையும் உள்ள 120 பேரிடம் நான்கு வாரம் சோதித்தார்கள். ஒரு பாதிப் பேருக்கு உலோகச் சங்கிலி தைத்த 8 கிலோ போர்வை, கனம் தாங்காதவர்களுக்கு 6 கிலோ. மறு பாதிக்கு ஒன்றரைக் கிலோ போர்வை. கனப் போர்வைக்காரர்களில் சுமார் 60 சதவீதம் பேருக்குத் தூக்கமின்மை மதிப்பெண் பாதிக்குமேல் இறங்கியது. மற்றவர்களில் சுமார் 5 சதவீதம் பேருக்குத்தான் இறங்கியது. நல்ல முடிவுதான். ஆனால் தன்மேல் கிடப்பது 8 கிலோவா ஒன்றரைக் கிலோவா என்பது படுத்தவருக்குத் தெரியாமல் போகுமா? நம்பிக்கையும் சேர்ந்துதான் அந்த மதிப்பெண்ணை எழுதியிருக்கும். மாத்திரைக்குப் பதில் போர்வை போதுமா என்று பார்த்த சோதனையும் அல்ல அது. அதே ஆண்டு அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபி இதழில் எட்டு ஆய்வுகளை அலசிய கட்டுரை வந்தது. பதற்றத்துக்குச் சில சூழல்களில் உதவலாம், தூக்கமின்மைக்குப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்பது அதன் தீர்ப்பு. என் கருத்தும் அதுவே. உடம்பின்மேல் பரவலாக விழும் அழுத்தம் பலருக்கு இதமாக இருக்கிறது. அந்த இதத்துக்காக வாங்குகிறவரை நான் தடுக்கமாட்டேன்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. போர்வையின் கனம் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்பது விதி அல்ல, வழக்கத்தில் வந்த ஒரு கணக்கு. எந்த ஆய்வும் அதைச் சோதித்து நிறுவவில்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளைத் தூங்கவைக்கும் என்கிறார்கள். பிரிட்டனில் 67 பிள்ளைகளிடம் பார்த்து 2014இல் வெளியிட்டார்கள், தூக்க நேரம் கூடவில்லை. பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் அந்தப் போர்வை பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

கைக்குழந்தைக்கு இதமாக இருக்கும் என்று ஒருவர் சொன்னால் அவரிடம் கோபமாகவே பேசுங்கள். எடை வைத்த எதையும் குழந்தையின் மேலோ பக்கத்திலோ வைக்கவே கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2022இல் எழுதிவைத்திருக்கிறது. அதே ஆண்டு டிசம்பரில் அங்கே டார்கெட் கடைகளில் விற்ற சிறுவர் எடைப் போர்வைகள் சுமார் 2,04,000 திரும்பப் பெறப்பட்டன. ஜிப்பைத் திறந்து உறைக்குள் புகுந்த இரண்டு சிறுமிகள் மூச்சுத்திணறி இறந்திருந்தார்கள். தானே போர்வையை விலக்கி எழ முடியாத எவர்மேலும் அதைப் போடக் கூடாது. பக்கவாதம் வந்த தாத்தாவும் இதில் சேர்த்தி. குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருகிறவர்கள், ஆஸ்துமா, நுரையீரல், இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

மேலே சொன்ன போர்வை ஆய்வுகள் நடந்தது ஸ்வீடனில், பிரிட்டனில். நமக்கு இங்கே மே மாத இரவில் 25 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அரிது, காயல் காற்றில் ஈரம் வேறு. தூக்கம் பிடிக்க உடம்பின் உள்வெப்பம் சற்றுக் குறைய வேண்டும். ஏசி இல்லாத அறையில் 7 கிலோ போர்வை அதைக் குறையவிடாது. மழைக்காலத்தில் துவைத்தால் காய்வது எப்போது? வெளி என்ற பகுதியிலுள்ள டோபி கானாவில் தலைமுறைகளாக வெளுக்கும் நம் தமிழ்க் குடும்பங்கள் கிளிப் இல்லாமல், முறுக்கிய கயிற்றின் இடுக்கில் துணியைச் செருகித்தான் காயப்போடுகிறார்கள். நனைந்த எடைப் போர்வையை அந்தக் கயிறு தாங்காது. உள்ளே ஈரம் தங்கினால் பூஞ்சைதான், பூஞ்சை வந்தால் மூச்சிரைப்புதான்.

தூக்கமின்மைக்கு முதலில் தர வேண்டிய சிகிச்சை இன்னது என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இலேயே சொல்லிவிட்டது. போர்வையும் இல்லை, மாத்திரையும் இல்லை, தூக்கத்துக்கான நடத்தைவழிப் பேச்சு சிகிச்சை. தினமும் ஒரே நேரத்தில் எழுவது, தூக்கம் வராவிட்டால் கட்டிலைவிட்டு எழுந்துவிடுவது, கட்டிலில் விழித்துக்கிடக்கும் நேரத்தைக் குறைப்பது, தூங்காவிட்டால் என்ன ஆகுமோ என்ற பயத்தைப் பேசிக் கரைப்பது. சில வாரங்களில் முடிந்துவிடும், பலன் நீடிக்கும். இதை விற்க ஆள் இல்லை, அதனால் விளம்பரமும் இல்லை. இந்தப் பேச்சு சிகிச்சை விஷயத்தில் எனக்கு நெடுநாளாக ஒரு மனக்குறை உண்டு. இங்குள்ள தமிழர்கள் ஓபியில் மலையாளத்தில் சமாளித்துவிடுகிறார்கள். காய்ச்சலைச் சொல்ல அது போதும். நடுராத்திரி நெஞ்சடைக்கும் பயத்தைச் சொல்ல வீட்டில் பேசுகிற மொழி வேண்டும். மட்டாஞ்சேரியிலும் வாத்துருத்தியிலும் இத்தனை தமிழர்கள் இருக்கையில், அரசு மருத்துவமனையில் வாரத்துக்கு ஒரு நாளாவது தமிழ் பேசும் உளவியலாளரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டும் ஏன் உட்காரக் கூடாது? குடியிருப்போர் சங்கங்களும் சாதிச் சங்கங்களும் திருவிழாவுக்கு மனுக் கொடுக்கும் வேகத்தில் இதற்கும் ஒரு மனுக் கொடுங்கள். எழுதித் தர நான் தயார்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. கேரளக் குடும்ப சுகாதார மையங்களில் மனச்சோர்வுக்கு 'ஆஸ்வாசம்' திட்டம் இருக்கிறது. ஒன்றிய அரசின் டெலி மானஸ் எண் 14416, 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது. கட்டணம் கிடையாது, இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். போர்வைக்குப் பல ஆயிரம் கொடுப்பதற்கு முன்னால் அந்த எண்ணுக்கு ஒருமுறை பேசுங்கள். ஏற்கெனவே மாத்திரையை நிறுத்தியிருந்தால் இன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.