வீசிங் பிள்ளைக்கு நர்சம்மா எதற்கு?

கோவை, திருப்பூர்ப் பக்கம் பிள்ளைக்கு வீசிங் வந்தால், டாக்டர் எழுதும் மருந்துதான் வைத்தியம், நர்சம்மா வேலை ஊசி போடுவதும் நெபுலைசர் வைப்பதும்தான் என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. அது தவறு. வீசிங்கை வரவைக்கும் ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயின் உட்சுவர் வீங்கியிருக்கும்; இழுப்பு இல்லாத நாட்களிலும் அந்த வீக்கம் முழுதாக வடிவதில்லை. அதை அடக்குவது தினமும் எடுக்கும் தடுப்பு இன்ஹேலர். ஆக, வைத்தியம் பெரும்பாலும் வீட்டில், அம்மாவின் கையால் நடக்கிறது. இழுக்கும் முறை பிசகினால் மருந்து நாக்கிலும் தொண்டையிலும் படிந்து வீணாகும். இன்ஹேலர் வைத்திருப்பவர்களில் 70 முதல் 80 சதவீதம் பேர் வரை அதைச் சரியாகப் பயன்படுத்துவதில்லை என்கிறது 'கினா' எனும் உலக ஆஸ்துமா வழிகாட்டி. இன்ஹேலரைக் குலுக்கி, ஸ்பேசர் எனும் குழாயில் பொருத்தி, ஒரே ஒரு பஃப் அழுத்தி, பிள்ளையை ஐந்தாறு முறை நிதானமாக மூச்சுவிட வைத்து, பிறகு வாய் கொப்பளிக்கச் சொல்ல வேண்டும். இதைச் செய்து காட்டி, அம்மாவையும் பிள்ளையையும் செய்யச் சொல்லிப் பார்த்து, பிழை திருத்துபவர் செவிலியர். அந்தப் பாடம் நடக்காவிட்டால் மருந்துச் சீட்டு வெறும் காகிதம்.

இன்ஹேலர் பழக்கமாகிவிடும், அதிலுள்ள ஸ்டீராய்டு வளர்த்தியைக் கெடுக்கும் என்ற பயமும் இங்கே பலமாக உண்டு. பழக்கமாகாது. உயரம் பற்றிய பயத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது: சிறுவயதில் சில வருடங்கள் பியூடசோனைடு எனும் ஸ்டீராய்டு இழுத்தவர்களைப் பெரியவர்களாகும்வரை கவனித்து 2012-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், அதை இழுக்காதவர்களைவிடச் சராசரி உயரம் 1.2 செ.மீ. குறைந்திருந்தது. ஆனால் இன்ஹேலரை நிறுத்தி இழுப்பு முற்றினால், 20 கிலோ பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 20 மில்லிகிராமோ அதற்கு மேலோ ஸ்டீராய்டை வாய்வழி கொடுக்க நேரும். தினசரி பஃப் 200 மைக்ரோகிராம் என்றால், இது குறைந்தது நூறு மடங்கு. இருமல் நின்றதும் மருந்தை நிறுத்தியதை டாக்டரிடம் சொல்லத் தயங்கும் அம்மா, நர்சம்மாவிடம் சொல்லிவிடுவார். அந்தப் பேச்சில்தான் இந்தக் கணக்கைப் புரியவைக்க முடியும்.

டாக்டர் பார்ப்பதும் நர்ஸ் பார்ப்பதும் ஒன்றாகுமா என்று கேட்கலாம். நோயைக் கண்டறிவதும் மருந்தை மாற்றுவதும் டாக்டர் பொறுப்பு, அதில் மாற்றமில்லை. ஆனால் தொடர் கண்காணிப்பைச் செவிலியர் நடத்திய 5 ஆய்வுகளை, மொத்தம் 588 பேரை, காக்ரேன் அமைப்பு 2013-ல் தொகுத்துப் பார்த்தபோது, டாக்டர் பார்த்தவர்களோடு ஒப்பிட நோய் முற்றுவதில் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. கட்டுக்குள் இருக்கும் ஆஸ்துமாவுக்கே இது பொருந்தும். செவிலியருக்கு ஏற்கெனவே வேலைப்பளு அதிகம் என்ற மறுப்பு நியாயமானது. ஆனாலும் பஃப் முறையைச் சரிபார்க்கச் சில நிமிடங்கள் போதும். சோமனூர் வீட்டில் விசைத்தறிப் பஞ்சு பறப்பதும், பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நார்த் தூசி படிவதும், கொசுவத்திச் சுருள் புகைவதும் வீடு தேடிப் போகும் கிராம சுகாதாரச் செவிலியர் கண்ணில் படும், ஓ.பி. சீட்டில் ஏறாது.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது இன்ஹேலரையும் ஸ்பேசரையும் கையோடு எடுத்துப் போங்கள். "பிள்ளை இழுக்கிறது சரியான்னு பாருங்க சிஸ்டர்" என்று நீங்களே கேளுங்கள். உதடு நீலம் பாய்ந்தாலோ, பேச முடியாமல் திணறினாலோ காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.