எரிவாயுக் குழாயும் தண்ணீர்க் குழாயும் ஒன்றல்ல

நம்பிக்கை: இந்த முனையில் எவ்வளவு எரிவாயு ஏற்றுகிறோமோ, அதே நேரத்தில் அந்த முனையில் அவ்வளவு இறங்கும்.

தண்ணீருக்கு இது ஏறக்குறையப் பொருந்தும். வாயுவோ அழுத்தினால் சுருங்கும், விட்டால் விரியும். ரஷ்யாவின் வைபோர்க் அருகிலிருந்து ஜெர்மனியின் லுப்மின் வரை பால்டிக் கடலடியில் போடப்பட்ட முதல் நார்ட் ஸ்ட்ரீம் குழாய்களைப் பாருங்கள். நீளம் 1,224 கிலோமீட்டர், உள்விட்டம் 1,153 மில்லிமீட்டர். இடையில் ஒரு கம்ப்ரசர் நிலையம்கூடக் கிடையாது. 2011 முதல் 2022 வரை இயங்கின. ஒரு குழாய்க்கு ஆண்டுக்கு 2,750 கோடி கன மீட்டர் என்ற முழு அளவில் ஓடும்போதும், உள்ளே வாயு நகரும் வேகம் நொடிக்கு நான்கு மீட்டர் அளவுதான் வருகிறது. கரை சேர மூன்றரை நாளாவது ஆகும். ஆனால் ஒரு வால்வை மூடினால் எழும் அழுத்த மாற்றம், அந்த வாயுவில் ஒலி செல்லும் வேகத்தில், நொடிக்கு சுமார் 400 மீட்டர், பாய்கிறது; உராய்வால் மழுங்கினாலும் ஒரு மணி நேரத்துக்குள் மறுமுனையைத் தொட்டுவிடும். இரண்டையும் ஒரே கணக்கில் பிடிக்கத்தான், கணிதவியலாளர் ஆய்லர் 18ஆம் நூற்றாண்டில் எழுதிய பாய்ம ஓட்டச் சமன்பாடுகளோடு உராய்வையும் சேர்த்து, குழாயைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கணினியில் தீர்க்கிறார்கள்.

ஏற்றுவதும் இறக்குவதும் ஒத்துப்போகாத நேரத்தில், மிச்சம் குழாய்க்குள்ளேயே தங்குகிறது. பொறியாளர்கள் இதை லைன்பேக் என்பார்கள். குளிர்காலக் காலையில் ஊரே ஒன்றாக வீட்டைச் சூடேற்றத் தொடங்கும்போது கைகொடுப்பது இந்த இருப்புதான். ஓட்டம் மாறாமல் நிலையாக இருக்கிறது என்று வைத்துப் போடும் கணக்கில் இது கண்ணில் படவே படாது.

நம்பிக்கை: கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று அழுத்தம் சீராகக் குறையும்.

ஏறக்குறையச் சீராகக் குறைவது அழுத்தத்தின் வர்க்கம். அழுத்தம் இறங்க இறங்க வாயு விரிந்து வேகம் பிடிக்கிறது, இழப்பும் கூடுகிறது. 220 பாரில் ஏற்றி 106 பாரில் இறக்கினால் நடுவழியில் 163 என்று மனம் சொல்லும். எளிய சூத்திரமே 173 என்கிறது. வழியில் அழுத்தம் இறங்குவதைக் கணக்கிட்டுத்தான் நார்ட் ஸ்ட்ரீமை 220, 200, 177.5 பார் என மூன்று பகுதிகளாக வடிவமைத்தார்கள். எஃகின் தடிமனையும் 34.6 மில்லிமீட்டரிலிருந்து 26.8 வரை குறைத்தார்கள்.

நம்பிக்கை: கணினி பெரிதானால் விடை சரியாகிவிடும்.

எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். உட்சுவரின் சொரசொரப்பும் நாளைய தேவையும் பாதி ஊகம். குழாயை எத்தனை நுண்ணிய துண்டுகளாக்கினாலும் அந்த ஊகம் திருந்தாது. பல குழாய்கள் இணைந்த வலைப்பின்னலில் இன்னொரு சிக்கலும் உண்டு: ஒவ்வொரு வால்வும் திறந்திருக்க வேண்டுமா, மூடியிருக்க வேண்டுமா? 40 வால்வுகள் இருந்தாலே ஒரு லட்சம் கோடிக்கும் மேற்பட்ட சேர்க்கைகள். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்ப்பது நடைமுறையில் ஆகாது. சாத்தியமில்லாதவற்றைக் கூட்டம் கூட்டமாக ஒதுக்கும் கணிதம் வேண்டும். பெர்லினில் உள்ள சூசே கணித ஆய்வு நிறுவனத்தில் அந்த வேலை நடந்தது. 2014இல் எர்லாங்கன்-நியூரம்பர்க் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு தொடங்கிய கூட்டாய்வில், பிழை பெரிதாகும் இடத்தில் மட்டும் நுண்ணிய மாதிரியையும் மற்ற இடங்களில் எளிய மாதிரியையும் வைக்கும் முறைகளை வளர்த்தார்கள்.

நம்பிக்கை: ஹைட்ரஜனுக்கு மாற்றினால் பழைய குழாய் மூன்றில் ஒரு பங்கு ஆற்றலைத்தான் சுமக்கும்.

ஒரு கன மீட்டரில் உள்ள ஆற்றல் மீத்தேனைப்போல் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு என்பது சரியே. ஆனால் அடர்த்தி எட்டில் ஒரு பங்கு. அதே அழுத்த இழப்பில் ஏறக்குறைய 2.8 மடங்கு கன அளவு ஓடும். பெருக்கினால் சுமார் 85 சதவீத ஆற்றல் கிடைக்கிறது. ஜெர்மனி 2024 அக்டோபரில் ஒப்புதல் அளித்த 9,040 கிலோமீட்டர் ஹைட்ரஜன் வலைப்பின்னலில் ஏறத்தாழ 60 சதவீதம் பழைய எரிவாயுக் குழாய்களே. சிரமம் கம்ப்ரசரில் இருக்கிறது: அதே ஆற்றலை அனுப்ப மூன்று மடங்குக் கன அளவை அழுத்த வேண்டும், மீத்தேனுக்குச் செய்த இயந்திரங்கள் அதற்குப் போதா.