குறிக்கோளும் சங்கற்பமும்

குறிக்கோள் என்னுஞ் சொல் இக்காலத்துப் பாடசாலை மேடைகளிலே மிகுதியாய் வழங்குகின்றது. பரிசளிப்பு விழாவுக்கு எழுந்தருளும் பிரமுகர் ஒவ்வொருவரும் மாணாக்கரை நோக்கிக் குறிக்கோள் வேண்டுமென்று சொல்லிப் போகின்றனர். அஃது எவ்வாறு அமைக்கப்படும், அமைத்தபின் எவ்வாறு காக்கப்படும் என்று சொல்வார் அரியர். இச்சொல் புதிய மனோதத்துவ நூல்களிலிருந்து நமக்கு வந்ததென்று கருதுவாரும் உளர். அப்பர் சுவாமிகள் தமது வாழ்நாளின் பருவங்கள் மூன்றும் வறிதே கழிந்தன என்று இரங்குமிடத்திலே இச்சொல்லை எடுத்தாண்டிருக்கின்றார். ஆதலின் இப்பாடத்துக்கு வேண்டிய பொருள் நம் வீட்டிலேயே உண்டு.

ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நெடுந்தீவு முதலாகிய நமது தீவகத்துப் பாடசாலைகளிலே ஆறாம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை நோக்கி, நீ என்னாவாய் என்று வினாவின், பெரும்பாலும் வரும் விடைகள் இரண்டு. டாக்டராவேன் என்பது ஒன்று. கனடாவுக்குப் போவேன் என்பது மற்றொன்று. போய் என் செய்வாய் என மீட்டும் வினாவினாற் பிள்ளை விழிக்கின்றது. பிள்ளைமேற் குற்றஞ் சொல்லோம். 1990ஆம் ஆண்டை அடுத்து நேர்ந்த இடப்பெயர்வுக்குப்பின் பூட்டிக்கிடக்கும் வீடுகளினூடே நடந்து பாடசாலைக்கு வரும் பிள்ளை, வாழ்வு என்பது கடலுக்கப்பால் எங்கோ உள்ளதென்று எண்ணுதல் இயல்பேயாம். எனினும் அது விருப்பம் என்னும் அளவிலே நிற்பது. விருப்பத்துக்கும் குறிக்கோளுக்கும் உள்ள வேற்றுமையைப் பிள்ளைக்குக் காட்டவேண்டிய கடன் ஆசிரியருடையது.

அவ்வேற்றுமையைக் காட்டுதற்குக் கோயிற் பூசையினும் நல்ல உதாரணம் நாம் கண்டிலேம். யாதொரு கிரியையும் சங்கற்பமின்றித் தொடங்கப்படுவதில்லை. குருக்கள் தருப்பையைக் கையிற் பற்றி, ஆண்டு, அயனம், இருது, மாதம், பக்கம், திதி, வாரம், நட்சத்திரம் என்று காலத்தைச் சொல்லுகின்றார், இடத்தைச் சொல்லுகின்றார், செய்விப்போனுடைய கோத்திரமும் நட்சத்திரமும் பெயரும் சொல்லுகின்றார், என்ன பயன் கருதி என்ன கருமஞ் செய்யப் புகுந்தேன் என்றுஞ் சொல்லுகின்றார். யார், எங்கே, எப்பொழுது, எதன்பொருட்டு, எதனை என்னும் ஐந்தும் அங்கே அடங்கிவிட்டன. டாக்டராவேன் என்னும் பிள்ளையின் வாக்கிலே இவ்வைந்தனுள் எத்தனை உள்ளன என்று எண்ணிப் பார்க்க. சங்கற்பத்தைக் கேட்டுக்கொண்டே வளர்ந்த நமது பிள்ளைகளுக்கு இது தெரியாமற்போயினமை வியப்பே. பொருள் சொல்லிக் கொடுப்பாரின்மையே காரணமென்று நினைக்கின்றோம்.

பெரியபுராணத்திலே இதற்கு இரு சரித்திரங்கள் துணையாவன. திருநின்றவூர்ப் பூசலார் நாயனார் பொருளின்மையால் மனத்திலே கோயிலெடுத்தார் என்ற அளவிலே கதையை முடித்துவிடுவோர் பலர். அவர் மனத்திலேயும் முறைதவறாது செய்தார் என்பதன்றோ கவனிக்கத்தக்கது! பொருள் தேடினார், தச்சரை அமைத்தார், நல்லநாள் பார்த்து அடிநிலை இட்டார், கிணறும் மதிலும் குளமும் விடவில்லை, பிரதிட்டைக்கு நாளும் வைத்தார். கச்சியிலே கற்றளி எடுத்த காடவர்கோமான் குறித்த நாளும் அந்நாளாகவே, இறைவன் அரசனை நாளை மாற்றிக்கொள்ளும்படி பணித்தருளினார். தண்டியடிகள் சரித்திரமோ கருவியைப் பற்றியது. கண்ணில்லாதவர் திருவாரூரிலே திருக்குளத்தைத் தோண்டப் புகுந்து, குழியிலே ஒரு தறியும் கரையிலே ஒரு தறியும் நட்டுக் கயிறு கட்டி, அதனைத் தடவிச் சென்று மண்ணைக் கொட்டி மீண்டார். தம்மிடத்தில்லாததனை அறிந்து அதற்கேற்ற கயிற்றைக் கட்டிக்கொள்ளுதல் பிள்ளைகள் எளிதில் விளங்கிக்கொள்ளும் பாடம். கணக்கிலே பின்னிற்கும் பிள்ளையை நோக்கி, உனக்குக் கயிறு எது என்று கேட்டுப் பார்க்க.

இனி நமக்கு அணித்தாகிய சரித்திரத்துக்கு வருவோம். ஆறுமுகநாவலர் 1822ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 18ஆந் தேதி நல்லூரிற் பிறந்தார் என்பதைச் சைவப்பிள்ளைகள் மனனஞ் செய்திருக்கின்றனர். அவர் கருமத்தை எவ்வாறு வகுத்துக்கொண்டார் என்பதையோ கேட்டறியார். அவர் வெஸ்லியன் மிசன் பாடசாலையிலே கற்று, அங்கேயே ஆசிரியராகி, பேர்சிவல் பாதிரியாருடைய விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைசெய்தவர். கல்வியின்பொருட்டுச் சைவப்பிள்ளை சமயத்தைக் கைவிடலாகாது என்பது அவர் உள்ளத்தெழுந்த கருத்து. அக்காலத்திலே அக்கருத்துடையார் வேறும் பலர் இருந்திருப்பர். திண்ணையிலிருந்து வருந்தியதோடு அவர்களுக்கு அது முடிந்துபோயிற்று.

நாவலர் முடிவிலிருந்து பின்னோக்கி நடந்தார் என்று நமக்குத் தோன்றுகின்றது. பிள்ளை சமயம் மாறாது கற்றற்குச் சைவப் பாடசாலை வேண்டும். பாடசாலைக்குப் பாடப்புத்தகம் வேண்டும். ஏட்டுச்சுவடி ஒரு வகுப்புக்குத் தானும் போதாதாகலின் அச்சியந்திரம் வேண்டும். அச்சிடும் நூல் பிழையற்றதாயும் பிள்ளைக்கு விளங்கும் வசனமாயும் இருத்தல் வேண்டும். இவ்வனைத்துக்கும் பொருள் வேண்டும். பொருளுடையார் மனம் இசைதல் வேண்டும். அதற்குப் பிரசங்கம் வேண்டும். ஆகவே முதற்படி பிரசங்கமாயிற்று. 1847ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 31ஆந் தேதி வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலிலே அது தொடங்கிற்று. 1848இலே அவ்வூரிற் சைவப்பிரகாச வித்தியாசாலை எழுந்தது. மிசன் உத்தியோகத்தை விட்டதும் அவ்வாண்டிலேதான். 1849இலே சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் கொணர்ந்தார். அச்செலவிலேயே திருவாவடுதுறை ஆதீனத்தார் அவருக்கு நாவலர் என்னும் பட்டம் அளித்தனர். பாலபாடங்களும் சைவவினாவிடையும் தொடர்ந்தன. பெரியபுராண வசனம் 1852இலே வெளிவந்தது. மேலே நாம் காட்டிய வரிசை அவர் எழுதிவைத்ததன்று. அவர் செயல்களை ஆண்டோடு வைத்து நோக்கி நாம் உய்த்துணர்ந்தது. ஆசிரியர்கள் கரும்பலகையிலே இவ்வாண்டுகளை மாத்திரம் எழுதி, எது எதற்கு முன்னே வரவேண்டியதாயிற்று, ஏன் என்று மாணாக்கரையே சொல்லச் செய்யலாம்.

பாடசாலை, அச்சு, வினாவிடை, பிரசங்கம் என்னுங் கருவிகளை அவர் மிசனரிமாரிடத்தே கண்டு கைக்கொண்டார். இதனைச் சொல்லக் கூசுவோர் நம்மவருள் உளர். மிசன் பாடசாலையிலே கற்ற நாமும் ஒரு கடன் உடையேம். நாளைக்குச் செய்வனவற்றை இன்றிரவே மணிக்கணக்கிட்டு எழுதி, மறுநாள் மாலையிலே செய்தது, செய்யாதது என ஒப்பிடும் பழக்கம் அங்கே கற்றது. இன்றுவரை அது நம்மைக் காத்துவருகின்றது. நல்ல கருவி எவரிடத்திருப்பினும் கொள்ளுதற்குரியதே.

அவர் எடுத்தவை எல்லாம் முடிந்தனவோ எனின், முடிந்தில. 1864இலே சிதம்பரத்தில் நிறுவிய வித்தியாசாலை நிலைத்தது. 1872இலே வண்ணார்பண்ணையில் நிறுவிய சைவ ஆங்கிலப் பாடசாலை பொருட்குறையாற் சில ஆண்டுகளில் மூடப்பட்டது. 1879ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 5ஆந் தேதி அவர் சிவபதமடைந்தபோது, சைவப்பிள்ளை ஆங்கிலங் கற்றற்குத் தாம் விரும்பியவாறு ஒரு கல்லூரியை அவர் கண்டாரல்லர். 1888இலே சைவபரிபாலன சபை தோன்றிற்று. 1890இலே அச்சபையின் பொறுப்பில் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி நடைபெறலாயிற்று. 1923இலே சைவ வித்தியாவிருத்திச் சங்கம் எழுந்து, ஊர்கள்தோறும் சைவப் பாடசாலைகளைப் பரப்பிற்று. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் அரசினர் அவற்றைப் பொறுப்பேற்றுக்கொண்டனர். முதலில் எடுத்தவர் கைவிட்டுப் போகாதபடி படிகளைத் தெளிவாக அமைத்துவைத்தமையாலன்றோ பின்வந்தோர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தனர்! நாவலரைத் தனியொருவருடைய வீரமாகவே பேசுவோர் இதனைக் காண்பதில்லை.

இங்கே ஆசிரியர்களாகிய நம்மைப்பற்றியும் ஒரு வார்த்தை. தீவகத்துக்கு நியமனம் பெற்று வருவோர் பலருக்கு இடமாற்றமே குறிக்கோளாயிருக்கின்றது. குறிகட்டுவான் இறங்குதுறையிலே நெடுந்தீவுப் படகுக்குக் காத்துநிற்றலும், கடல் கொந்தளிக்கும் நாளிலே ஒருமணி நேரத்துக்கு உயிரைக் கையிற் பிடித்திருத்தலும் எளியனவல்ல என்பதை அறிவோம். மனைவி மக்கள் அக்கரையில் இருப்ப, தாம் இக்கரையில் இருப்பவரை நாம் நோவது முறையன்று. ஆயினும் இருக்கும் மூன்றாண்டுக்கேனும் ஒரு சங்கற்பம் உண்டோ என்று கேட்கலாமன்றோ? நாட்களை எண்ணிக்கொண்டிருக்கும் ஆசிரியர் குறிக்கோட் பாடம் நடத்தினால், பிள்ளைகள் அவர் முகத்திலே வேறொரு பாடத்தைப் படித்துக்கொள்வர்.

வகுப்பிலே செய்யத்தக்கதனைக் கூறுவாம். பெரிய குறிக்கோளைக் கேளற்க. ஒரு தவணைக்குள் முடிவதாய், பிறர் பார்த்து முடிந்ததென்று சொல்லத்தக்கதாய் ஒன்றையே எழுதச் செய்க. தடுமாறி வாசிக்கும் ஏழாம் வகுப்புப் பையன், நயினை நாகபூஷணி அம்மன் ஆனிக் கொடியேற்றத்துக்கு முன் பாலபாடத்திலே ஒரு பாடத்தைத் தட்டுத்தடங்கலின்றி வாசிப்பேன், நாடோறும் விளக்கேற்றியபின் அப்பாச்சிக்குப் பத்து வரி வாசித்துக் காட்டுவேன் என்று எழுதினாற் போதும். முடிவுநாளைக் கலண்டரிலிருந்து எடுப்பதினும் கொடியேற்றம், தேர், கந்தசஷ்டி என ஊரறிந்த நாட்களிலிருந்து எடுத்தல் நன்று. அவற்றைப் பிள்ளை மறவாது, வீட்டாரும் மறவார். வெள்ளிக்கிழமைதோறும் கொப்பியை வாங்கிப் பார்க்க. தவறிய நாட்களுக்குத் தண்டனை வேண்டா. தவறியதற்குக் காரணம் ஒருவரியில் எழுதச் செய்க. தகப்பனார் கடலுக்குப் போக நேர்ந்தமையால் தம்பியைப் பார்த்துக்கொண்டேன் என்று எழுதும் பிள்ளைக்குப் பத்து வரியை ஐந்தாகக் குறைத்தல் தகும். வரியை நிறுத்தல் தகாது. தவணை நடுவிலே மாற்றம் பெற்றுச் செல்லும் ஆசிரியர், இக்கொப்பிகளை அலுமாரியிலே வைத்துப் பூட்டிப் போகாது, அடுத்து வருபவர் கையிலே கொடுத்து, எந்தப் பிள்ளை எந்த வரியில் நிற்கின்றதென்று சொல்லிவிட்டுப் படகேறுக.